வழவழப்பு மட்டும் போதாது, எண்ணெய் தங்கவும் இடம் வேண்டும்



அம்மி தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டால் மிளகாய் சரியாக அரைபடாது. அம்மி கொத்துகிறவர் வந்து உளியால் சிறு சிறு குழிகளாகக் கொத்திவிட்டுப் போனால்தான் கல்லுக்குப் பிடிப்பு வரும். குழி விழுந்தால் உராய்வு கூடும் என்பது லயத்துப் பிள்ளைகளுக்குக் கூடத் தெரிந்த சங்கதிதான்.

ஆனால் எஞ்சினுக்குள்ளே கதை வேறு. அங்கே உராய்வைக் குறைப்பதற்காகவும், இரும்பு தேயாமல் இருப்பதற்காகவும், மேற்பரப்பில் வேண்டுமென்றே கோடும் குழியும் போடுகிறார்கள். இதைக் கேட்டால் யாருக்கும் நம்ப முடியாது. நாங்களும் நம்பவில்லை. ஒரு குடும்பத்தின் நகை அடகுக் கடையில் இருந்தபோதுதான் இந்த விஷயம் எங்களுக்கு விளங்கியது. அதனால்தான் இந்த இதழில் இதைப் பற்றி எழுதுகிறோம்.

நடந்தது என்ன?

எங்கள் தோட்டத்துக் கீழ்ப்பிரிவில் ஒரு தம்பி இருக்கிறார். பெயர் வேண்டாம். பழைய ஓட்டோ ஒன்றை வாங்கி ஓட்டுகிறார். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பகலில் டவுனுக்குப் போகிறவர்கள், இரவில் அவசரத்துக்கு ஆஸ்பத்திரி என்று அந்த வண்டிக்கு ஓய்வே கிடையாது. எஞ்சின் பலம் குறைந்து மேடு ஏற மறுத்தது. மனைவியின் சங்கிலியை அடகு வைத்து, ஒரு கராஜில் கொடுத்து எஞ்சினைத் திறந்து செய்தார். போர் பண்ணி, புது பிஸ்டனும் புது ரிங்கும் போட்டார்கள். வேலை செய்தவர் நல்ல மனுஷன்தான். சுத்தமாகச் செய்ய வேண்டும் என்ற ஆசையில், சிலிண்டரின் உட்சுவரை மெல்லிய எமரிக் கடதாசியால் தேய்த்து, பாலிஷ் போட்டு, கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொடுத்தார்.

கொஞ்ச நாள் போனதும் வண்டி நீலப் புகை தள்ளத் தொடங்கியது. ஊற்றிய ஒயில் நிற்கவில்லை. மேட்டில் பழையபடியே திணறியது. தம்பி நலன்புரிக் கடன் கேட்டு எங்களிடம் வந்தார். "புது எஞ்சினைக் கவனிக்காமல் ஓட்டிக் கெடுத்துவிட்டு இன்னொரு கடனா?" என்று நாங்கள் கோபித்துக்கொண்டோம். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "இல்லீங்க ஐயா, நான் ஒண்ணும் பண்ணலீங்க" என்று மட்டும் சொன்னார்.

பிறகு அவரையும் கூட்டிக்கொண்டு டவுனில் உள்ள ஒரு வயதான மெக்கானிக் பாஸிடம் போனோம். அவர் எஞ்சினைத் திறந்தார். டோர்ச் வெளிச்சத்தைச் சரிவாகப் பிடித்துச் சிலிண்டருக்குள் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இதுல முகம் பார்த்துத் தலை சீவலாம் சேர். ஓட்டோ ஓட்ட ஏலாது."

அப்புறம் பக்கத்தில் சரியாகச் செய்து வைத்திருந்த இன்னொரு சிலிண்டரைக் காட்டினார். அதன் உள்ளே முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள், பாய் பின்னியது போல. "இந்தக் கோடு இல்லாட்டி ஒயில் எங்க போய் நிக்கும்?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அந்தத் தம்பியை ஏசியது தப்பு என்பது மட்டும் விளங்கியது.

வழவழப்பு ஏன் போதாது?

இரண்டு இரும்புகள் உராயும்போது சொரசொரப்பாக இருந்தால் தேயும். அது சரிதான். அப்படியானால் மிக மிக வழவழப்பாக்கினால் தேய்வே இருக்காது என்று நினைக்கிறோம். அங்கேதான் பிழை விடுகிறோம்.

சுவீடன் நாட்டில் கார்ல் எட்வர்ட் யொஹான்சன் என்பவர் 1896 ஆம் ஆண்டில் அளவுக் கட்டைகளைக் கண்டுபிடித்தார். மற்ற அளவுகளைச் சரிபார்ப்பதற்காக மிக நுட்பமாகத் தேய்த்துச் செய்த இரும்புக் கட்டைகள் அவை. இரண்டு கட்டைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து அழுத்தித் திருகினால், பசை இல்லாமலே ஒட்டிக்கொள்ளும். இழுத்தாலும் லேசில் வராது. வழவழப்பு ஓர் எல்லையைத் தாண்டினால் இரும்பு இரும்பைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறது. எஞ்சினுக்குள் சூட்டிலும் அழுத்தத்திலும் இப்படி நடந்தால், ஒன்றையொன்று பிய்த்துக்கொண்டு நாசமாகிவிடும்.

இதைத் தடுப்பது நடுவில் இருக்கும் எண்ணெய்ப் படலம். ஆகவே கேள்வி, "எவ்வளவு வழவழப்பு?" என்பது மட்டும் அல்ல. "எண்ணெய் எங்கே தங்கும்?" என்பதும்தான்.

எண்ணெய் பாரம் தூக்கும்

எண்ணெய் வழுக்க வைக்கும் என்று தெரியும். அது பாரமும் தூக்கும். இது தெரிய வந்தது ஒரு தற்செயலால்.

1880 களில் பிரித்தானியாவில் பீச்சம் டவர் என்ற பொறியியலாளர் ரயில் அச்சுக்குரிய பெயாரிங்கைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பெயாரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சைச் சுழற்றியதும், உள்ளே போக வேண்டிய எண்ணெய் அந்தத் துளை வழியே மேலே வந்து வழிந்தது. தக்கையால் அடைத்தார். தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரக்கட்டையை அடித்து அடைத்தார். அதுவும் மெல்ல மெல்ல வெளியே வந்தது. அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோது, பெயாரிங் தாங்கிய சராசரி அழுத்தத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் காட்டியது. அதாவது சுழலும் அச்சே எண்ணெயை ஆப்பு மாதிரி உள்ளே இழுத்து, அந்த எண்ணெய் மேலே உள்ள பாரம் முழுவதையும் தூக்கி நிறுத்தியிருக்கிறது. இது ஏன் நடக்கிறது என்பதை 1886 இல் ஒஸ்போன் ரெனோல்ட்ஸ் கணக்குப் போட்டு விளக்கினார்.

மழையில் வேகமாகப் போகும் லொறியின் டயர் தண்ணீரின்மேல் ஏறி வழுக்குகிறதல்லவா? அதுவும் இதே மாதிரிதான். ரோட்டில் அது ஆபத்து, எஞ்சினுக்குள் அதுவே பாதுகாப்பு.

ஆனால் இதற்கு ஓட்டம் வேண்டும். ஓட்டோவின் எஞ்சின் நிமிஷத்துக்கு 3000 தடவை சுற்றினால், பிஸ்டன் செக்கனுக்கு 50 தடவை மேலும் கீழும் போய் வருகிறது. ஒவ்வொரு தடவையும் உச்சியிலும் அடியிலும் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக நின்று திரும்புகிறது. நிற்கும் அந்த இடத்தில் எண்ணெயை இழுக்கும் ஓட்டம் இல்லை, படலம் மெலிந்துவிடும். சிலிண்டரின் மேல் பக்கம் கூடுதலாகத் தேய்வதற்கு இது ஒரு முக்கிய காரணம். அந்த இடத்தில் கைகொடுப்பதற்குத்தான் சுவரில் கோடு வேண்டியிருக்கிறது.

கான் வெட்டியவர்களுக்கு இது விளங்கும்

கோடும் குழியும் என்ன செய்கின்றன என்பதை, தேயிலை மலையில் கான் வெட்டியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

மலைச் சரிவில் நாம் கானை மேலிருந்து கீழாக நேரே வெட்டுவதில்லை. சரிவுக்குக் குறுக்கே வெட்டுகிறோம். கானுக்குள்ளும் இடையிடையே மண் தடுப்பு விடுகிறோம். மழை பெய்தால் தண்ணீர் ஒரேயடியாக ஓடிப்போகாமல் தடுப்புக்குத் தடுப்பு தங்கி நிற்கும். அடித்துக்கொண்டு வரும் மண்ணும் அதற்குள் படியும். எஞ்சின் சுவரில் உள்ள கோடுகளும் அதே வேலையைத்தான் செய்கின்றன.

முதலாவது, எண்ணெயைத் தேக்கி வைக்கின்றன. ரிங் சுவரை வழித்துக்கொண்டு போனாலும் கோட்டுக்குள் இருக்கும் எண்ணெய் மிஞ்சும். அடுத்த ஓட்டத்தில் அது வெளியே வந்து படலமாகும்.

இரண்டாவது, இரும்புத் துகளும் தூசியும் குழிக்குள் விழுந்து ஒதுங்கும். இல்லாவிட்டால் அவை இரண்டு பரப்புக்கும் நடுவில் உருண்டு, அரம் மாதிரி அராவும்.

மூன்றாவது, சரியான அளவில் குழி இருந்தால், மேலே வேகமாக ஓடும் இரும்பு குழிக்குள் இருக்கும் எண்ணெயை அழுத்தும். டவரின் மரக்கட்டையைத் தள்ளிய அதே அழுத்தம் சிறிய அளவில் ஒவ்வொரு குழியிலும் பிறக்கிறது. ஆயிரக்கணக்கான குழிகள் ஒன்றுசேர்ந்து ரிங்கைச் சுவரிலிருந்து கொஞ்சம் விலக்கிப் பிடிக்கின்றன.

இந்த மூன்றாவது விஷயத்தை ஹமில்டன், வொலோவிட், அலன் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் 1966 இல் எழுதினார்கள். அதே 1966 இல் பிரித்தானிய அரசுக்குப் பீற்றர் ஜோஸ்ட் ஓர் அறிக்கை கொடுத்தார். உராய்வையும் தேய்வையும் எண்ணெயிடுவதையும் ஒழுங்காகக் கவனித்தால் அந்த நாட்டுக்கு ஆண்டுக்கு 515 மில்லியன் பவுண் மிச்சமாகும் என்று அதில் கணக்குக் காட்டியிருந்தார். இப்போதும் விஷயம் சின்னதல்ல. 2017 இல் ஹோம்பெர்க், எர்டெமிர் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கின்படி, உலகம் செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய 23 சதவீதம் உராய்வுக்கும் தேய்வுக்கும் போகிறது. அதில் 20 சதவீதம் உராய்வை வெல்வதற்கு. மிச்சம் 3 சதவீதம் தேய்ந்த உறுப்புகளைத் திரும்பச் செய்வதற்கு.

சுவரில் கோடு எப்படிப் போடுகிறார்கள்?

போர் பண்ணிய பிறகு செய்யும் இந்த வேலைக்கு ஹோனிங் என்று பெயர். சாணைக் கல் பொருத்திய ஒரு கருவியைச் சிலிண்டருக்குள் விட்டுச் சுழற்றுவார்கள். சுழற்றும்போதே மேலும் கீழும் ஓட்டுவார்கள். சுழற்சியும் ஓட்டமும் சேர்வதால் கோடுகள் சரிவாக விழுந்து, ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு பின்னல் மாதிரி வரும். கோடுகளின் ஆழம் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் சில பங்குதான். தலைமயிரின் கனமே இதைப்போலப் பல மடங்கு. ஆகவே கண்ணை நேராக வைத்துப் பார்த்தால் சரியாகத் தெரியாது, வெளிச்சத்தைச் சரித்துப் பிடித்தால் தெரியும்.

நல்ல முறையில் இதை இரண்டு கட்டமாகச் செய்வார்கள். முதலில் கொஞ்சம் கரடான கல்லால் கோடு போடுவது. பிறகு மென்மையான கல்லால் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கூர்களை மட்டும் சீவிவிடுவது. அப்போது மேலே தட்டையான பரப்பும், அதற்குள்ளே எண்ணெய் தங்கும் பள்ளமும் இருக்கும். வழவழப்பும் உண்டு, தேக்கமும் உண்டு. பாஸ் எங்களுக்குக் காட்டிய சிலிண்டரும் இப்படிச் செய்ததுதான்.

வீட்டிலேயே இதன் இன்னொரு வகையைப் பார்க்கலாம். மேசை விசிறிகள் பலவற்றின் தண்டு சுற்றுகிற புஷ், உலோகப் பொடியை அழுத்திச் சுட்டுச் செய்தது. அதில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் நிறைய. அந்தத் துவாரங்களில் ஊறியிருக்கும் எண்ணெய்தான் விசிறியை வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் ஓட்டுகிறது.

லேசர் கொத்தும் குழிகள்

1990 களில் இந்த வேலை இன்னொரு படி ஏறியது. இஸ்ரேல் நாட்டின் ஹைபா நகரில் உள்ள டெக்னியன் நிறுவகத்தில் இஸ்ஹாக் எட்ஸியன் என்ற பேராசிரியர் லேசர் ஒளியால் குழி போடும் முறையை வளர்த்தார். ஒளியைக் குவித்து அடித்தால் அந்தப் புள்ளியில் உலோகம் ஆவியாகிச் சின்னக் கிண்ணம் போல ஒரு குழி விழும். குறுக்களவு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு அளவு, ஆழம் அதிலும் பத்தில் ஒரு பங்கு அளவு. அம்மி கொத்துகிறவரின் வேலைதான், உளி மட்டும் வெளிச்சம். எத்தனை குழி, எவ்வளவு ஆழம், எவ்வளவு இடைவெளி என்று முதலே கணக்குப் போட்டுக்கொண்டு கொத்துகிறார்கள்.

பிஸ்டன் ரிங்கில் இப்படிக் குழி போட்டு, 2500 சீசீ டீசல் எஞ்சின் ஒன்றில் அவரும் கூட்டாளியும் சோதித்தார்கள். 2009 இல் அதன் முடிவு வெளியானது. வழமையான ரிங்கோடு ஒப்பிட்டால் 4 சதவீதம் வரை எரிபொருள் குறைவாகப் பிடித்தது. நூறு லீற்றருக்கு நாலு லீற்றர். ஒரு வண்டிக்குச் சின்னக் கணக்காகத் தெரியும். நாள் முழுக்க ஓடுகிற லொறிக்கும் பஸ்ஸுக்கும் வருஷக் கணக்கு பார்த்தால் சின்னதல்ல. அந்தச் சோதனையில் ரிங்கின் முகம் முழுவதும் குழி போடவில்லை, ஒரு பகுதியில் மட்டும்தான் போட்டார்கள். வழவழப்பான இடமும் வேண்டும், குழியான இடமும் வேண்டும் என்பதற்கு இதுவும் ஓர் அத்தாட்சி.

எல்லாக் கீறலும் நல்லதல்ல

இதைப் படித்துவிட்டு யாரும் இரும்பைக் கண்ட இடமெல்லாம் கீறிவிடக் கூடாது. இங்கேதான் கவனம் வேண்டும்.

சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாக நேரே விழுந்த கீறல் நோயின் அடையாளம். தூசியோ உடைந்த ரிங்கோ கீறியதாக இருக்கும். சரிவில் நேரே வெட்டிய கான் மண்ணையெல்லாம் வாரிக்கொண்டு போவது போல, இந்தக் கீறல் வழியே எரிவாயு கீழே கசியும், ஒயில் மேலே ஏறி எரியும்.

உருளை பெயாரிங்கின் குண்டிலோ வளையத்திலோ குழி கண்டால், அது எண்ணெய்க் குழி அல்ல. பாரம் தாங்கித் தாங்கி உலோகம் களைத்து உதிர்ந்த இடம் அது. அந்தப் பெயாரிங்கை உடனே மாற்ற வேண்டும்.

குழி பெரிதானாலும் ஆழமானாலும் கெடுதல்தான். எண்ணெய் இல்லாமல் மெதுவாக, பாரத்தோடு உராயும் இடத்தில் குழியின் விளிம்பே கத்தியாகிவிடும். அம்மியில் நமக்கு அதுதான் வேண்டும், எஞ்சினில் வேண்டாம். ஆகவே கொத்துவது இரண்டிலும் கொத்துவதுதான், ஆனால் அளவும் எண்ணெயும் வேலையைத் தலைகீழாக்கிவிடுகின்றன.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

ஓட்டோ, லேன்ட் மாஸ்டர், தண்ணி பம்ப் என்று இன்று நம் லயங்களில் பலரிடம் எஞ்சின் இருக்கிறது. திறந்து செய்யக் கொடுக்கும்போது இவற்றை மனதில் வையுங்கள்.

1. காசு கொடுப்பதற்கு முன் கேளுங்கள்: "போர் பண்ணின பிறகு ஹோனிங் செய்வீங்களா?" சும்மா கேட்பதில் தப்பில்லை. நல்ல பாஸ் கோபிக்க மாட்டார், விளக்குவார்.

2. ரிங் மட்டும் மாற்றுவது என்றாலும் கேளுங்கள். ஓடி ஓடிக் கோடு அழிந்து பளபளத்துப்போன சுவரில் புது ரிங் சரியாகப் படியாது. ஆனால் சுவர் அளவுக்கு மீறித் தேய்ந்திருந்தால் ஹோனிங் மட்டும் காப்பாற்றாது. அளந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

3. மூடுவதற்கு முன் போய்ப் பாருங்கள். டோர்ச்சைச் சரித்துப் பிடித்தால் பின்னல் கோடு தெரிய வேண்டும்.

4. ஹோனிங் செய்த சிலிண்டரைச் சவர்க்காரம் கலந்த சுடுதண்ணீரால் கழுவ வேண்டும். சாணைக் கல்லின் பொடி கோட்டுக்குள் இருக்கும், பெற்றோலால் துடைத்தால் மட்டும் அது முழுக்கப் போகாது. வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும். பிறகு உடனே ஒயில் பூச வேண்டும், இல்லாவிட்டால் துருப்பிடிக்கும்.

5. புது எஞ்சினை முதல் நாளே பாரம் ஏற்றி மலையில் அடித்து ஓட்டாதீர்கள். நிறுத்திய இடத்திலேயே மணிக்கணக்காக ஓடவும் விடாதீர்கள். ரிங்கும் சுவரும் ஒன்றுக்கொன்று பழகும் காலம் அது. முதல் ஒயிலை எப்போது மாற்றுவது என்று வண்டிப் புத்தகத்தில் இருக்கும், அதன்படி செய்யுங்கள். உதிர்ந்த இரும்புப் பொடி அந்த ஒயிலோடு வெளியே போக வேண்டும்.

6. எயார் ஃபில்டரைச் சுத்தமாக வையுங்கள். தோட்டத்து மண் ரோட்டுப் புழுதி எஞ்சினுக்குள் போனால் அதுவே எமரிக் கடதாசி.

7. ஸ்டோரில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புஷ்ஷுக்குள் வெட்டியிருக்கும் எண்ணெய்க் கான் அழுக்கால் அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஓடுகிற மெஷினில் கை வைக்காதீர்கள். நிறுத்திவிட்டு, பொறுப்பானவரிடம் சொல்லிவிட்டுத்தான் எண்ணெய் விட வேண்டும்.

முடிவாக

அந்தத் தம்பியின் சிலிண்டரில் இன்னும் உலோகம் மிச்சம் இருந்தது. அதனால் பாஸ் அதை ஹோனிங் செய்து, கழுவி, புது ரிங் போட்டுக் கொடுத்தார். கடனை நாங்கள் சிபாரிசு செய்தோம். முதல் தடவை பாலிஷ் போட்ட மெக்கானிக்கிடமும் போய்ச் சொன்னோம். அவர் முதலில் முகம் கோணினார். பிறகு வண்டியைப் பார்க்க வந்தார். டோர்ச்சை வாங்கி, பக்கத்தில் இருந்த அடுத்த சிலிண்டரை வெகு நேரம் பார்த்தார். "எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரலீங்க" என்றார். அதுவும் உண்மைதான். அவரும் சின்ன வயதில் கராஜில் சேர்ந்து, கண்ணால் பார்த்துப் பழகியவர்.

எங்கள் பிரிவுகளில் இருந்து கராஜ் வேலைக்குப் போகும் பையன்கள் கொஞ்சப் பேர் இல்லை. பிள்ளைகள் வேலை பழகும் இடத்தில் "எப்படி?" என்று பார்ப்பதோடு நிற்காமல் "ஏன்?" என்றும் கேட்கட்டும். பெற்றோர்களே, அவர்களுக்கு இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். ஓட்டோ வைத்திருப்பவர்கள் மேலே உள்ள ஏழு விஷயங்களையும் வெட்டி எடுத்து வண்டியிலேயே வைத்துக்கொள்ளலாம்.

சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது. மாதாமாதம் வட்டி கட்டி வருகிறார், தீபாவளிக்கு முன் மீட்டுவிடுவேன் என்கிறார். வண்டி இப்போது புகை இல்லாமல் மேடு ஏறுகிறது.